நாலேகால் கிராம் குறை

ஃபேனைப் போடாதே என்று சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, பிரமு வந்து போட்டுவிட்டுப் போய்விட்டாள். தராசில் எண்கள் சாமி வந்ததுபோல ஆடின. இருபத்திரண்டு நாற்பது, இருபத்திரண்டு முப்பத்தாறு, இருபத்திரண்டு நாற்பத்தைந்து. கோமதிநாயகம் எழுந்து போய் ஃபேனை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காற்றுப் பட்டால் எடை ஆடும் என்பது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முப்பத்தோரு வருஷம் முத்திரை ஆய்வாளராக ஊர் ஊராகப் போய்க் கடைத் தராசுகளுக்கு முத்திரை போட்டவனின் பெண்டாட்டிக்குத் தெரியாது. "வேர்த்து ஊத்துது, அப்புறம் சளி பிடிச்சு ராவெல்லாம் இருமுவீங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "இருமினா இருமிட்டுப் போறேன், நீ ஃபேன் பக்கம் வராத" என்றார். பக்கத்து மனையில் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி காலை ஏழு மணியிலிருந்து ஓடுகிறது. பெருமாள்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது, யாருக்கும் கிடையாது. மேஜை லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது. அதிர்வில்தான் எடை இப்படிக் காட்டுகிறதோ என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டுப் பார்த்தார். அதிர்ந்தால் பத்து மில்லி போகும், இருபது மில்லி போகும். கிராம் கணக்கில் போகாது. தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, வெள்ளி டாலரை விளிம்பில் பிடித்து எடுத்து மறுபடி வைத்தார். இருபத்திரண்டு புள்ளி நான்கு. இருபத்தாறு புள்ளி ஏழு மூன்று இருக்கவேண்டும். அமெரிக்காக்காரன் சட்டம் போட்டு வைத்த எடை அது. நூறு வருஷம் ஆயிரம் கை பட்டுத் தேய்ந்தாலும் கால் கிராம் குறையும். போனால் போகிறது, அரை கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நாலேகால் கிராம் எங்கே போகும்? நடந்தா போகும்?

எல்லாம் பிரமுவால் வந்தது. ஆயுத பூஜைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது, அதற்குள் பீரோவை ஒழிக்கிறேன் பேர்வழி என்று இழுப்பறையை அப்படியே உருவி, அதில் இருந்ததைத் தரையில் கொட்டிவிட்டாள். மூன்று டாலர்கள் கனத்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்தன. கண்ணாடி போன்ற கூடு, அதன் தலைமாட்டில் காசின் வருஷமும் தரமும் அச்சடித்த சீட்டு. அமெரிக்காவில் நிபுணர்கள் பார்த்து, இது இன்ன தரம் என்று முடிவுகட்டி, உள்ளே வைத்து ஒட்டிவிடுவார்கள். கூட்டைத் திறந்துவிட்டால் அந்தத் தரத்துக்கு மரியாதை இல்லை, விலையும் பாதியாகிவிடும். அதில் ஒன்று விழுந்து ஓரத்தில் விரிந்துபோயிற்று. "பிளாஸ்டிக்தான, கொஞ்சம் ஃபெவிக்குவிக் போட்டா ஒட்டிக்கிடும்" என்றாள். ஃபெவிக்குவிக்! ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறாம் வருஷத்துக் காசு, கழுகின் வாலுக்குக் கீழே இரண்டு சி எழுத்து, கார்சன் சிட்டி நாணயச் சாலை, அந்தச் சாலையே கொஞ்ச வருஷம்தான் ஓடியது, அதனால்தான் அதற்கு மவுசு என்றெல்லாம் இவளுக்கு எத்தனை தடவை சொல்லியாயிற்று. கத்தித் தீர்த்தார். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சரி, திறந்தது திறந்துவிட்டது, ஒருமுறை நிறுத்துப் பார்த்து நோட்டில் எழுதிவைப்போம் என்று தோன்றியது. அந்த நோட்டில் எல்லாக் காசுக்கும் எடைக் கட்டம் நிரம்பியிருக்கும், கூட்டில் வந்த மூன்றுக்கு மட்டும் வெறுமையாக இருக்கும், அது அவர் கண்ணை எப்போதுமே உறுத்தும். தராசில் பாட்டரி செத்திருந்தது. டிவி ரிமோட்டிலிருந்து உருவிப் போட்டார். அதற்கு ஒரு சண்டை. நிறுத்தார். சண்டை போட்டுக்கொண்டே இருந்திருக்கலாம், நிறுக்காமல் இருந்திருக்கலாம்.

ஏரலில் எண்பத்து நாலாம் வருஷம் அவர் முதன்முதலில் இந்த மாதிரி டாலர் ஒன்றைப் பார்த்தபோது அது ஒரு வெள்ளிக் கடைத் தராசுத் தட்டில் எடைக்கல்லாக இருந்தது. கடைக்காரர் கொலுசு நிறுத்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் கொலுசு, மறு தட்டில் கிரீடம் வைத்த வெள்ளைக்காரி. முத்திரை இல்லாத எதையும் எடைக்கல்லாக வைக்கக் கூடாது, அது குற்றம், அவர் வழக்கு எழுதினார். எழுதும்போது பொருளின் எடை என்ற இடத்தில் நிரப்புவதற்காகக் கையில் இருந்த சோதனைத் தராசில் வைத்தார். கடைக்காரர், "அதுல எடை பிசகாது சார், எங்க பெரியப்பா கொழும்புலேருந்து கொண்டாந்தது, உங்க கல்லு தேயும், அது தேயாது" என்றார். அது என்னமோ உண்மை. புத்தகத்தில் தேடிப் பார்த்து எவ்வளவு இருக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டபோது கோமதிநாயகத்துக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் பார்க்கிற பார்வையில் உலகமே குறை எடை. அரிசிக் கடையில் குறை, கறிக் கடையில் குறை, பெட்ரோல் பங்கில் குறை, கோவில் பிரசாதக் கடை லட்டில்கூடக் குறை. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் அடித்த ஒரு காசு நூறு வருஷம் கழித்து ஏரலில் சொன்ன வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வழக்கு முடிந்ததும் அதை விலை கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டுதான் வாங்கினார். ரசீது இன்னும் இருக்கிறது. பிரமு அதையும் குப்பை என்று எடுத்துப் போட்டிருப்பாள், பார்க்கவேண்டும்.

மகன் நாதன் அமெரிக்காவில் ஒஹாயோவுக்குப் போய் முதல் சம்பளம் வாங்கின வருஷம், ஆவணியில் ஊருக்கு வந்த ஒரு சிநேகிதனிடம் அப்பாவின் பிறந்தநாளுக்கென்று ஒரு வெள்ளி டாலர் கொடுத்தனுப்பினான். காந்திமதிநாதன் என்று அம்பாள் பெயரைச் சேர்த்து வைத்த பிள்ளையை அங்கே நேட் என்று கூப்பிடுகிறார்களாம், அது ஒரு எரிச்சல், ஆனால் காசு அனுப்பின பிள்ளையை ஏச முடியுமா. அப்புறம் வருஷம் தவறாமல் ஒன்று. மொத்தம் பதின்மூன்று. முதல் பத்தும் வெறும் காகித உறையில்தான் வந்தன. வந்த அன்றைக்கே நிறுத்து, சுண்டிப் பார்த்து, நோட்டில் ஏற்றினார். வெள்ளியைச் சுண்டினால் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும், கோவில் மணி அடித்து ஓய்ந்த பிறகு காதில் நிற்குமே, அந்த மாதிரி. பதினொன்றாவது கூட்டோடு வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. பையன் பெரிய ஆளாகிவிட்டான், தரம் போட்ட காசு வாங்குகிற அளவுக்கு வந்துவிட்டான் என்று பாளையங்கோட்டை நாணயச் சங்கத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார். ரிடையர்டு சரித்திர வாத்தியார் வேதமாணிக்கம் லென்ஸை வைத்துக் கூட்டுக்கு மேலேயே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எழுத்து கொஞ்சம் தடிப்பாத் தெரியுதே அண்ணாச்சி?" என்றார். பொறாமை. வேதமாணிக்கத்தின் மகன் சென்னையில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு சட்டைத் துணி எடுத்துக் கொடுப்பான், அவ்வளவுதான், அந்தப் பொறாமை என்று நினைத்தார். அதற்கப்புறம் வேதமாணிக்கத்தோடு முகம்கொடுத்துப் பேசவே இல்லை. நல்ல மனுஷர். இப்போது அவர் வீட்டுக்குப் போய் என்னவென்று சொல்வது? உங்க லென்ஸுக்குத் தெரிஞ்சது என் கண்ணுக்குத் தெரியல என்றா?

மற்ற இரண்டு கூடுகளும் மேஜைமேல் இருந்தன. அவர் அவற்றைத் திறக்கப்போவதில்லை என்று ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். ஒன்று போலி என்றால் மற்றதும் போலியாக இருக்கவேண்டும் என்று சட்டமில்லை. ஒரு கடையில் ஒரு கல் தேய்ந்திருந்தால் எல்லாக் கல்லும் தேய்ந்ததாகுமா? ஆகாது. ஆனால் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்காமல் நீ வெளியே வந்திருக்கிறாயா கோமதிநாயகம், ஒரு கடையிலாவது? சுத்தியலை எடுத்துவந்து துண்டில் சுற்றி ஓரத்தில் தட்டினார். "என்னத்தப் போட்டு உடைக்கீங்க? காலைல நான் போட்டதுக்கு அந்தக் குதி குதிச்சீங்க!" என்று பிரமு எட்டிப் பார்த்தாள். வாய் தவறி எதையாவது சொல்லிவிடுவோம் என்று தராசின் பக்கம் திரும்பிக்கொண்டார். நிறுத்தார். இருபத்திரண்டு புள்ளி நான்கு. மூன்றாவது, இருபத்திரண்டு புள்ளி நான்கு. ஒன்றில் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பது என்று வருஷம் போட்டிருக்கிறது, ஒன்றில் தொண்ணூறு, இன்னொன்றில் எண்பத்தெட்டு. வேறு வேறு ஊரில் அடித்து, வேறு வேறு பையில் கிடந்து தேய்ந்த காசுகள் ஒரு மில்லி பிசகாமல் ஒரே எடை இருக்குமா? உண்மைக்கு ஆளுக்கொரு தேய்மானம் உண்டு. சுண்டினார். டொக் என்றது. மூன்றும் டொக், டொக், டொக். பித்தளையோ என்ன இழவோ, மேலே வெள்ளி முலாம். சனியன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

யாரோ பையனை ஏமாற்றிவிட்டான். முதலில் அப்படித்தான் நினைத்தார், அதில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. இணையத்தில் வாங்கியிருப்பான், எவனோ தலையில் கட்டியிருப்பான், இத்தனை படித்து என்ன பிரயோஜனம், மடப்பயல். ஆனால் ஒரு தடவை ஏமாறலாம். மூன்று வருஷம் தொடர்ந்தா? அவன் வேலையே அதுதானே, இன்சூரன்ஸ் கம்பெனியில் புதிதாக எழுதின கம்ப்யூட்டர் புரோகிராமில் எங்கே குறை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கிற வேலை. அப்பா தராசில் குறை பார்த்தார், மகன் கம்ப்யூட்டரில் குறை பார்க்கிறான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் அனுப்பினானா? இந்த இடத்துக்கு வந்ததும் மனசு முள்ளில் மாட்டின வேட்டி மாதிரி நின்றுவிட்டது. இழுத்தால் கிழியும். அப்பாவுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டான். கிழவனுக்கு என்ன தெரியப்போகிறது, கூட்டைத் திறக்கவா போகிறான், வருஷத்துக்கு ஒருநாள் வாயை அடைத்தால் சரி. அப்படி நினைக்கிற பையனா? இல்லை. பின்னே ஏன் ரெண்டு வருஷத்துக்கு மேலாக வீடியோவில் முகம் காட்டமாட்டேன் என்கிறான்? கேட்டால் கேமரா சரியில்லை என்கிறான். ஒரு கேமராவை ரெண்டு வருஷமாகவா சரிபண்ண முடியாது? எப்போது பேசினாலும் காருக்குள் இருந்து பேசுகிறான், டிக் டிக்கென்று கார் திரும்புகிற சத்தம், அப்பாவோடு வீட்டில் உட்கார்ந்து பேச நேரமில்லை துரைக்கு. சனிக்கிழமை நடு ராத்திரி அங்கே எங்கே போகிறான்? கல்லிடைக்குறிச்சிப் பெண், எம்.எஸ்ஸி., தங்கமான குடும்பம், முப்பத்தேழு வயசுக்காரனுக்குப் பெண் கிடைப்பதே பெரிசு, இப்ப வேண்டாம்ப்பா என்றான். ராஜபாளையத்துப் பெண்ணுக்கும் இப்ப வேண்டாம்ப்பா. எப்ப வேண்டும்? ஊருக்கு வந்து நாலு வருஷமாகிறது. டிக்கெட் விலை ஏறிப்போச்சு என்றான் போன பொங்கலுக்கு. அதைக் கேட்டபோதுகூட, ஆமாம், எல்லாம்தான் ஏறிப்போச்சு என்று இவர் நாணயத்தின் விலையைப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஆலங்குளம் சந்தையில் கத்தரிக்காய் விற்ற ஒரு பொம்பளை. எதற்கு இப்போது அவள் ஞாபகம் வருகிறாள்? தட்டுக்கு அடியில் புளியை உருட்டி ஒட்டிவைத்திருந்தாள், ஐம்பது கிராம் வரும். பிடித்துக்கொண்டதும் அழவில்லை, கும்பிடவில்லை. "நேத்து வரைக்கும் ஒட்டல சார், வேணும்னா யாரையும் கேளுங்க" என்றாள். நேத்து வரைக்கும் ஒட்டாதவள் இன்றைக்கு ஏன் ஒட்டினாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்பதற்குப் படிவத்தில் இடமில்லை. அபராதம் எழுதினார். இத்தனை வருஷத்தில் குறை எடை எத்தனை கிராம் என்று கேட்டிருக்கிறாரே தவிர எந்தத் தேதியிலிருந்து என்று ஒருவரையும் கேட்டதில்லை. பத்து காசு சரியாக இருக்கிறது. பதினொன்றாவதிலிருந்து குறைகிறது. நோட்டைத் திருப்பிப் பதினொன்றாவது எந்த வருஷம் என்று பார்த்தார். கேமரா கெட்டுப்போனது எந்த வருஷம்? கல்லிடைக்குறிச்சிப் பெண் எந்த வருஷம்? அவர் கை வேர்த்து நோட்டில் மை பரவியது. சே, ஃபேனையாவது போடலாம். போடவில்லை. உட்கார்ந்திருந்தார்.

பத்தேகாலுக்குப் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரம்தான். அவர் ஜன்னலைச் சாத்தி, ஆழ்துளை வண்டியின் இரைச்சலைக் கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டுப் பேசினார்.

"அப்பா, நாதன் பேசுதேன். என்ன பண்ணுதீங்க?"

நிதானமாகத்தான் ஆரம்பிக்கவேண்டும் என்று நினைத்திருந்தார். உடம்பெல்லாம் நல்லா இருக்கா, வேலை எப்படிப் போகுது என்று சுற்றி வந்து கேட்கவேண்டும் என்று. வாய் எப்போதும்போல முந்திக்கொண்டது.

"ஏலே, நீ கடைசியா அனுப்பின மூணும் கள்ளக்காசு. இருபத்திரண்டு புள்ளி நாலு. மூணும் ஒரே எடை."

அந்தப் பக்கம் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது நின்றது. காரை ஓரமாக நிறுத்தியிருப்பான் போல. கோபமாகக் கத்துவான், யாரையாவது குறை சொல்லுவான், இல்லை கடைக்காரனைக் கேட்கிறேன் என்பான் என்று இவர் ஒவ்வொன்றுக்கும் பதில் தயார்பண்ணிக்கொண்டிருந்தார்.

"எப்ப நிறுத்துப் பாத்தீங்க?" என்றான் நாதன்.

"இன்னைக்குக் காலைல."

"இன்னைக்கா?" குரல் ஒருமாதிரி உடைந்தது, சிரிக்கிறானா என்னவென்று தெரியவில்லை. "கூட்டுல முதல்ல வந்ததை நிறுக்கவே இல்லையாப்பா? நீங்களா?"

"ஏன், நிறுத்திருந்தா என்ன?"

"முதல் வருஷமே கண்டுபிடிச்சு ஏசுவீங்கன்னு நெனச்சேன். எதுக்குலே இப்படிப் பண்ணினேன்னு கேப்பீங்க, கேட்டா சொல்லிறலாம்னு. நானா எடுத்துச் சொல்ல வாய் வரல. நீங்க என்னடான்னா போன் பண்ணி, சங்கத்துல எல்லாரும் அசந்துட்டாங்கன்னு சொன்னீங்க. அடுத்த வருஷமும் அதையே அனுப்பினேன். அப்பவும் நல்லாருக்குன்னு சொன்னீங்க."

கோமதிநாயகம் மேஜைமேல் கிடந்த மூன்றையும் பார்த்தார். ஊர் முழுக்க நிறுத்தவன். கருவேப்பிலைக்காரியைக்கூட விட்டதில்லை.

"கூட்டைத் திறந்தா மதிப்பு போயிரும்லே," என்றார். "அதான் திறக்கல."

சொன்ன பிறகு அது தன் காதிலேயே என்னமோ மாதிரி விழுந்தது. எரிச்சல் அப்படியே இருந்தது, ஆனால் அதை யார் மேல் போடுவது என்று தெரியாமல் நெஞ்சுக்குள் இங்கேயும் அங்கேயும் முட்டியது.

"வேலை எப்ப போச்சு?"

"ரெண்டரை வருஷமாகுது. நூறு பேரை ஒரே நாள்ல அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு எடத்துல சேர்ந்தேன், நிக்கல. கிரீன் கார்டு இருக்கதால இங்க இருக்க முடியுது. சாமான் டெலிவரி பண்ணுதேன், கார்ல. ராத்திரிதான் கொஞ்சம் கூடக் கெடைக்கும்."

"எங்க இருக்க?"

"பழைய வீட்டைக் காலி பண்ணிட்டேன். ரெண்டு பேர் கூட ஒரு ரூம்ல இருக்கேன். நல்ல பசங்கதான்."

"அறிவுகெட்ட பயலே," என்றார். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கதுக்கு என்ன? காசுக்குள்ள வச்சா சொல்லுவாங்க? எனக்கு எப்படிலே தெரியும்?"

"ஏசுங்கப்பா," என்றான் நாதன். "பரவால்ல. ஏசுங்க."

ஏச வந்தது, ஏராளமாக வந்தது, ரெண்டரை வருஷத்துக்கு உண்டான ஏச்சு. வாய்வரை வந்து நின்றுவிட்டது. பிரமு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். கத்துகிற சத்தம் கேட்டு வந்திருக்கிறாள், முகத்தில் அந்தப் பயம் இருந்தது. "பிள்ளைகிட்ட வாரத்துக்கு ஒருநாள் பேசுதீங்க, அப்பவும் சண்டையா? இங்க தாங்க," என்று கையை நீட்டினாள். எப்போதும் காசைப் பற்றி நாலு வார்த்தை பேசினதும் அவர் போனை அவளிடம் கொடுத்துவிடுவார். அதற்குமேல் மகனிடம் பேச அவரிடம் எதுவும் இருந்ததில்லை. இன்றைக்குக் கொடுக்கவில்லை. காலால் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு," என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேருக்கும் நடுவில் மேஜைமேல் வைத்தார். "லே நாதா, வச்சிராத. உங்கம்மாவும் இருக்கா."

"வைக்கலப்பா."

"முதல்லேருந்து சொல்லு."